பொடுகும் தலைவறட்சியும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. ஆயினும் அந்தச் சிரசைப் போர்த்தியிருக்கும் தோலைப் பற்றி மக்கள் நினைப்பது அரிது. அது தினவெடுத்து, நகம் பட்ட இடமெல்லாம் எரிந்து, தோள்மீது வெண்துகள்கள் உதிரத் தொடங்கிய பின்னரே அதன்மேற் கவனம் செல்கிறது. உடனே வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், "எண்ணெய் காணாத தலை" என்று தீர்ப்புக் கூறிப் போத்தலைக் கவிழ்த்து உச்சி குளிரத் தேய்த்து விடுகிறார். சிலருக்கு அன்றோடு அரிப்பு அடங்கிவிடுகிறது. வேறு சிலருக்கோ அடுத்த வாரமே அது முன்னிலும் மிகுகிறது. வீடும் ஒன்று, எண்ணெயும் ஒன்று, குளிக்கும் நீரும் ஒன்று. பலன் மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? இவ்வினாவுக்கு விடை கண்டால், தலையரிப்பைப் பற்றி அறியவேண்டியவற்றுட் பெரும்பகுதியை அறிந்தவாறாகும்.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று தெல்தோட்டை. கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, கலஹாவைக் கடந்து செல்லும் மலைப்பாதையில் அமைந்தது அவ்வூர். அதற்கு அப்பால் உள்ளது லூல்கந்துரைத் தோட்டம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் அங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்தே தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்தச் சரிவுகளிற் கொழுந்து பறித்து வருகின்றனர். தேயிலைச் செடி எந்தக் குளிரையும் ஈரத்தையும் விரும்புகிறதோ, அதே குளிரிலும் ஈரத்திலும் அதனைப் பறிப்பவரின் தலையும் நாள்தோறும் இருக்கவேண்டியிருக்கிறது.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் நாளைச் சற்று நோக்குக. விடியலில் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பீலியிற் குளித்தால் கூந்தல் உலரப் போதிய நேரமில்லை. ஈரம் சொட்டும் கூந்தலை அப்படியே முடிந்து, அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறுகிறாள். கூடையின் கயிறு தலையில் ஊன்றி நிற்கிறது. வெயில் ஏறினால் துணிக்கு உள்ளே வியர்வை. மழை பெய்தால் துணியே நனைந்து தலையோடு ஒட்டிக்கொள்கிறது. மாலை வரை உச்சந்தலைக்குக் காற்றுமில்லை, உலர்ச்சியுமில்லை. அரித்தாலும் சொறிவதற்குக் கைகள் ஓய்வதில்லை. ஓய்ந்த கணத்திற் சொறிந்தால், கொழுந்தின் சாறும் மண்ணும் படிந்த நகங்கள் தோலைக் கீறிப் புண்ணாக்கிவிடுகின்றன.

மலைநாட்டின் பருவங்களோ இரண்டு வகையாகத் தலையைச் சோதிக்கின்றன. மழைக்காலத்தில் ஈரமும் புழுக்கமும் துணிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவுக் குளிர் கடுமையாகி, பகலில் வறண்ட காற்று வீசும்போது, உதடு வெடிப்பதுபோலத் தலைத்தோலும் வறண்டு உரிகிறது. இரண்டு காலங்களிலும் அரிப்பு உண்டு. இரண்டிலும் செதில் உதிரும். பார்ப்பவர் இரண்டையும் பொடுகு என்ற ஒரே பெயரால் அழைக்கின்றனர். உண்மையில் இவை இரு வேறு துன்பங்கள். ஒன்று எண்ணெய்ப் பசையின் குறைவால் வருவது. மற்றொன்று எண்ணெய்ப் பசை உள்ள இடத்திலேயே வளர்வது. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உணவாகிவிடவும் கூடும்.

முதலில் வறட்சியைப் பார்ப்போம். மனிதத் தோலின் மேற்படை ஓயாது புதுப்பிக்கப்படுவது. அடியிற் பிறக்கும் கலங்கள் மெல்ல மெல்ல மேலே வந்து, இறந்து, கண்ணுக்குப் புலப்படாத துகள்களாக உதிர்ந்துபோகின்றன. இப்பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் செல்லும். மேற்படையிலுள்ள ஈரம் வெளியேறாதபடி காப்பது, கலங்களுக்கு இடையிலுள்ள இயற்கையான கொழுப்பு. குளிர்காற்று, கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர், துணி துவைக்கும் சவர்க்காரம் ஆகிய மூன்றும் அந்தக் கொழுப்பைக் கரைத்து அகற்றுவன. காவல் நீங்கிய தோல் இறுகிச் சிறுசிறு உலர்ந்த செதில்களாக உரிகிறது. குளிருக்கு அஞ்சி நாள்தோறும் சுடுநீரில் தலைமுழுகுவோர்க்கும், சவர்க்காரக் கட்டியைத் தலையிலேயே தேய்ப்போர்க்கும் இவ்வறட்சி விரைவில் நேர்கிறது.

மற்றையது மெய்யான பொடுகு. வளர்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேரை ஏதேனும் ஒரு காலத்தில் இது பீடிப்பதாக மருத்துவ நூல்கள் கணிக்கின்றன. இதன் துகள் தவிட்டை ஒத்திருப்பதால், தவிட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே மேனாட்டு மருத்துவர் இதற்குப் பெயரிட்டனர். 1874ஆம் ஆண்டில் லூயி மலசே என்ற பிரெஞ்சு அறிஞர், தலைச் செதில்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது மதுவம் போன்ற நுண்ணிய பங்கசு ஒன்றைக் கண்டார். கள்ளையும் அப்ப மாவையும் புளிக்கச் செய்யும் மதுவத்தின் உருவத்தை ஒத்த அந்த உயிருக்கு, பின்னர் அவர் பெயராலேயே மலசீசியா என்ற பெயர் வழங்கலாயிற்று. பொடுகுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். பங்கசைக் குறைக்கும் மருந்துகள் பொடுகையும் குறைப்பதைக் கண்ட பின்னரே அவ்வாதம் பெரும்பாலும் அடங்கியது.

மலசீசியா எங்கிருந்தோ வந்து தொற்றும் பகைவன் அன்று. குழந்தைப் பருவத்திலேயே எல்லோருடைய தோலிலும் குடியேறிவிடும் உயிர் அது. அதன் குணங்களுள் ஒன்று நமது வினாவுக்கு நேர் விடையாக அமைகிறது. 2007ஆம் ஆண்டில் இப்பங்கசின் மரபணுத் தொகுதி முழுவதையும் விஞ்ஞானிகள் படித்தறிந்தனர். தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. மயிர்க்கால்களை அடுத்துள்ள நெய்ச்சுரப்பிகள் கசியும் நெய்யையே அது நம்பி வாழ்கிறது. அந்நெய்யைச் சிதைத்து, தனக்கு வேண்டிய பகுதிகளை உண்டு, ஒலேயிக் அமிலம் முதலிய எச்சங்களைத் தோலின்மேல் விட்டுவிடுகிறது. அவ்வமிலம் சிலருடைய தோலுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. சிலருடைய தோலையோ அது ஊடுருவி உறுத்துகிறது. உறுத்தப்பட்ட தோல் அவசரமாகக் கலங்களைப் பெருக்க, அவை முதிராமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் செதில்களாக உதிர்கின்றன. பங்கசு, நெய், அவ்வவர் தோலின் இயல்பு ஆகிய மூன்றும் கூடிய இடத்திலேயே பொடுகு உண்டாகிறது.

பொடுகு வயதறிந்து வருவதன் காரணமும் இதுவே. பச்சிளங் குழந்தையின் நெய்ச்சுரப்பிகள் தாயிடமிருந்து பெற்ற ஓமோன்களால் சில மாதங்கள் ஊக்கமுற்றிருக்கும். அப்போது உச்சியில் மஞ்சள் நிறமான பொருக்குப் படியும். அதனைச் சிறிது எண்ணெயால் இளக்கி, மெல்லக் கழுவிவிட்டால் போதும். நாளடைவில் தானே மறையும். அதன்பின் பருவமெய்தும் வரை சுரப்பிகள் உறங்கிக்கிடக்கும். பருவ வயதில் அவை விழித்தெழும்போது பொடுகும் தலைகாட்டுகிறது. ஆண்களிடம் இது மிகுதி.

இனி எண்ணெயின் கதைக்கு வருவோம். வறண்ட தோலுக்கு எண்ணெய் அமுதம். இழந்த காவலை அது மீளத் தருகிறது. பொடுகுள்ள தலையிலோ நிலைமை வேறு. நல்லெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஒலேயிக் அமிலமே. தேங்காயெண்ணெயில் அது மிகக் குறைவு. அதிற் பாதியளவு லோரிக் அமிலமாகும். தேங்காயெண்ணெயை முறையாகப் பூசிவந்த இந்தியப் பெண்களின் தலைத்தோலில் நன்மை தரும் மாற்றங்கள் காணப்பட்டதாக 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே தேங்காயெண்ணெயைப் பகையென்று தள்ளுவது முறையன்று. ஆனால் எந்த எண்ணெயாயினும், நாட்கணக்கில் கழுவப்படாமல், வியர்வையோடும் தூசியோடும் துணிக்குள் ஊறிக்கிடந்தால், செதில்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன, அரிப்பும் மிகுகிறது. அவ்வெண்ணெய் துகள்களை உதிராமற் பிடித்து வைப்பதால், முதல் நாளிற் பொடுகு மறைந்துவிட்டது போன்ற ஒரு மயக்கமும் உண்டாகிறது. துன்பம் நீங்கவில்லை, அது கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவே.

முன்னோர் வகுத்த முறையை ஊன்றி நோக்கினால் இந்நுட்பம் அதிலே அடங்கியிருப்பது புலப்படும். அவர்கள் சொன்னது எண்ணெய் முழுக்கு. எண்ணெய் என்பது அதன் முற்பாதி. முழுக்கு என்பது பிற்பாதி. தீபாவளியன்றும் வாரந்தோறும் எண்ணெய் தேய்த்தவர், சிறிது நேரம் ஊறவைத்துச் சீயக்காயோ அரப்போ இட்டு அதனை நன்கு அகற்றினர். சீயக்காயில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் உண்டு. அது எண்ணெயையும் அழுக்கையும் செதிலையும் சேர்த்தே கொண்டுபோகும். சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்து நீராடும் தமிழரும், தலையில் மூலிகை எண்ணெய் வைக்கும் சடங்கின் பின் நீராடும் சிங்களவரும் இந்த இணைப்பையே விழாவாகப் போற்றிவருகின்றனர். காலப்போக்கில் வேலைச் சுமை மிகுந்தது; விறகும் வெந்நீரும் அரிதாயின. எண்ணெய் நாள்தோறும் ஏறியது, முழுக்கோ பின்தங்கிவிட்டது. வழக்கத்தின் பிற்பாதி நழுவியதே பலருடைய தலையரிப்புக்குக் காரணம்.

இவ்விரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது? அதற்கு நிலைக்கண்ணாடியும் விரல்நுனியும் போதும். செதில் சிறியதாய், வெண்மையாய், உலர்ந்து, தொட்டவுடன் மாவுபோல் உதிருமாயின், கை கால்களின் தோலும் வறண்டிருக்குமாயின், அது பெரும்பாலும் வறட்சி. செதில் சற்றுப் பெரியதாய், மஞ்சள் சாயலுடன், பிசுபிசுத்து மயிரடியில் ஒட்டியிருக்குமாயின், புருவத்திலும் மூக்கின் ஓரங்களிலும் காதின் பின்புறத்திலும் அதே செதில் காணுமாயின், அது பொடுகு. எண்ணெய் பூசியபின் இரண்டொரு நாள் நிம்மதி நிலைத்தால் வறட்சி என்றும், எண்ணெய் பூசப்பூச அரிப்பு ஏறினால் பொடுகு என்றும் ஐயுறலாம்.

வறட்சி என்று தெளிந்தால் பரிகாரம் எளிது. கொதிநீரை விடுத்து, கைபொறுக்கும் இளஞ்சூட்டு நீரைக் கொள்க. தலைக்குத் துணிச் சவர்க்காரம் ஆகாது. நாள்தோறும் தலைமுழுகுவதைக் குறைத்து, வாரத்துக்கு இருமுறை மென்மையான ஷாம்பூவையோ நன்கு சலித்த சீயக்காய்த் தூளையோ பயன்படுத்தலாம். சலிக்காத தூளின் நார் தோலைக் கீறும். குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாகச் சிறிதளவு தேங்காயெண்ணெயை மயிரடியில் தடவிக்கொள்வது நலம். இரண்டு மூன்று வாரங்களில் உரிதல் தணியும்.

பொடுகென்று தெளிந்தால் வேண்டியது பங்கசை அடக்கும் மருந்து. 1950களில் செலீனியம் சல்பைட்டு கலந்த தலைமருந்து வழக்கத்துக்கு வந்தது. 1961இல் சிங்க் பைரிதியோன் கலந்த ஷாம்பூ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1970களில் பெல்ஜிய நாட்டில் கீட்டோகோனசோல் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. இன்று கண்டியில் மட்டுமன்றிச் சிற்றூர் மருந்துக்கடைகளிலும் இவற்றுள் ஏதேனுமொன்று கிடைக்கும். விலையைவிட முக்கியமானது பயன்படுத்தும் முறை. பலர் நுரை எழுந்தவுடனே கழுவிவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்கின்றனர். மருந்து மயிருக்கு உரியதன்று, தோலுக்கு உரியது. மயிரைப் பிரித்துத் தோலிற் படும்படி விரல்நுனியால் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை வைத்திருந்து, பின் நன்றாக அலசவேண்டும். வாரத்துக்கு இருமுறையாக நான்கு வாரங்கள் வரை இவ்வாறு செய்க. அடங்கியபின் வாரத்துக்கொரு முறையோ இரு வாரத்துக்கொரு முறையோ தொடர்வது நன்று. ஏனெனில் பொடுகை அடக்கிவைக்கலாமே அன்றி வேரோடு களைதல் இயலாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உடையோரும் வைத்தியரைக் கேட்டுப் பயன்படுத்துவதே தக்கது.

கைவைத்தியங்களைப் பற்றியும் ஒரு சொல். ஊறவைத்து அரைத்த வெந்தயம் குழகுழப்பானது. எரியும் தோலுக்குத் தணிவு தரும். வேப்பிலைக்குப் பங்கசை எதிர்க்கும் இயல்பு உண்டென்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆயினும் மருந்து ஷாம்பூவுக்கு ஈடாக அதனை நம்பியிருப்பதற்கில்லை. தேசிக்காய்ச் சாற்றைத் தலையில் தேய்ப்பது பரவலான வழக்கம். சொறிந்து புண்ணான தோலில் அது கடுமையாக எரியும். அதனினும் மேலாக, தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகக்கூடும். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் தொழிலாளிக்கு அது ஏற்றதன்று. பேனுக்கும் பொடுகுக்கும் மண்ணெண்ணெய் தேய்ப்பதோ பெருந் தீங்கு. அடுப்பெரியும் சிறிய லயத்து அறையில், மண்ணெண்ணெய் நனைந்த கூந்தலோடு நடமாடுவது உயிருக்கே ஆபத்து.

பொடுகினால் வரும் துன்பம் தோலோடு நிற்பதில்லை. ஈரத்தோடு பின்னிய இரட்டைச் சடையும் வெள்ளைச் சீருடையுமாகப் பாடசாலைக்குச் செல்லும் சிறுமியின் தோளிற் செதில் விழுந்தால், பக்கத்திலிருப்பவள் விலகி அமர்கிறாள். "தொற்றிவிடும்" என்ற ஒரு சொல் அந்தப் பிள்ளையைக் கடைசி வாங்குக்குத் தள்ளிவிடுகிறது. பொடுகு தொற்றுநோயன்று. அதற்குக் காரணமான பங்கசு விலகி அமர்ந்தவளின் தலையிலும் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. அது அழுக்கின் அடையாளமுமன்று. நன்கு குளிப்பவர்க்கும் வரும். ஆசிரியரும் பெற்றோரும் இந்த உண்மையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தால், மருந்து செய்ய முடியாத ஒரு நன்மையை அவர்களது சொல் செய்யும்.

தொற்றும் நோய்கள் வேறு உள. அவற்றைப் பிரித்தறிவது கடமை. பேனும் ஈரும் உள்ள தலையிலும் அரிப்பு மிகும். ஈர் மயிரோடு ஒட்டியிருக்கும், செதிலைப்போல ஊதினால் பறக்காது. பருவமெய்தாத பிள்ளையின் தலையில் வட்டமாகச் செதில் படிந்து, அவ்விடத்தில் மயிர் முறிந்து வழுக்கை விழுந்தால், அது பொடுகன்று. தலையிற் படரும் படர்தாமரை. அதற்கு மேற்பூச்சுப் போதாது. வைத்தியர் தரும் மாத்திரையைச் சில வாரங்கள் உட்கொள்ள வேண்டும். கடையிற் கேட்டு வாங்கும் ஸ்டெரொயிட் களிம்பு அதனை மறைத்து வளர்க்கும். தடித்த வெள்ளிநிறச் செதில்கள் திட்டுத் திட்டாகத் தோன்றி முழங்கையிலும் முழங்காலிலும் அவ்வாறே காணுமாயின், அது சொரியாசிஸ் என்ற வேறொரு நோயாகலாம். சீழ், கழுத்திற் கட்டி, காய்ச்சல், கொத்தாக மயிர் உதிர்தல் ஆகியவை இருந்தாலும், நான்கு வாரம் முறையாக மருந்திட்டும் தணியாவிட்டாலும், அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலையின் சருமநோய்ப் பிரிவுக்கு அனுப்பப்படவும் வழியுண்டு.

மலையில் வேலைசெய்வோர்க்குப் பணம் வேண்டாத பரிகாரங்களும் சில உள்ளன. தலைமுழுக்கைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றினால், உறங்குமுன் அடுப்பின் வெம்மைக்குச் சற்று எட்ட இருந்து கூந்தலை உலர்த்த நேரம் கிடைக்கும். தலைத்துணி இரண்டு இருத்தல் நலம். ஒன்று நனைந்தால் மற்றொன்றை மாற்றலாம். அதனை அன்றன்றே துவைத்து வெயிலிலோ கொடியிலோ உலர்த்துக. பகலுணவு வேளையில் கொண்டையை அவிழ்த்துச் சிறிது காற்றாட விடுக. கூடைக் கயிறு எப்போதும் ஒரே இடத்தில் அழுத்தாதபடி மடித்த துணியை மாற்றி மாற்றி வைக்க. நெடுங்காலம் உராயும் இடத்தில் மயிர் மெலிவதுண்டு, அதனைப் பொடுகின் விளைவென்று மயங்கவேண்டா. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டால் சொறிந்தாலும் புண்படாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிச் சீப்பு இருந்தால் பேனும் படர்தாமரையும் பரவா.

இவற்றுட் சில, தொழிலாளியின் கையில் மட்டும் அடங்கியவையல்ல. மழையிற் குளிர்ந்து வந்தவர்க்கு இளஞ்சூட்டு நீரும், ஒதுங்கித் தலைதுவட்ட ஓர் இடமும், குளிக்க மறைவுள்ள பீலிக்கரையும் வேண்டும். தோட்டத்துச் சுகாதாரத்தைப் பேணுவோர் இவற்றையும் தங்கள் கணக்கிற் சேர்த்துக்கொள்வது பொருத்தமானது.

தலையரிப்பு உயிரை வாங்கும் நோயன்று. ஆயினும் உறக்கத்தைக் கெடுப்பது, வேலையிற் சலிப்பூட்டுவது, இளம் பிள்ளைகளை நாணித் தலைகுனிய வைப்பது சிறு துன்பமாகாது. எண்ணெய்ப் போத்தலை எடுக்குமுன், உதிர்வது உலர்ந்த மாவா, பிசுபிசுத்த தவிடா என்று ஒருகணம் பார்ப்பவர் பாதி வைத்தியத்தை முடித்தவராவார். எண்ணெய் வைத்தால் முழுக்கும் வேண்டும். நனைந்தால் உலர்த்தலும் வேண்டும். நாட்பட்டும் தணியாதாயின் வைத்தியரும் வேண்டும். இந்த மூன்றையும் மறவாத வீட்டில், உச்சி குளிரும் எண்ணெய் என்றும் நன்மையே தரும்.